கட்டைவிரலின் கீழ்

ஐந்து ரோட்டிலிருந்து கல்லூரிப் பக்கம் திரும்பினால்
மூன்றாவது ஷட்டர் எங்கள் ஜெராக்ஸ் கடை.
மாணவர்களுக்குப் பக்கம் ஒரு ரூபாய்,
மற்றவர்களுக்கு இரண்டு.
ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியவள் நான்தான்.
'மற்றவர்களுக்கு' என்பதில் றகரம் சரியா என்று
கனி அண்ணன் இரண்டுமுறை பார்த்தார்.
அந்தச் சொல் யாரைச் சொல்கிறதென்று
நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஜூலை முழுக்க அடையாள அட்டைகள்.
சூடான உருளைகளுக்குள் முகம் போகும்,
பளபளவென்று மறுபக்கம் வரும்.
ரத்த வகை, அப்பா பெயர், கைபேசி எண்.
யாருக்கும் அவரவர் முகம் பிடிப்பதில்லை.

லேமினேஷன் ஆறும்வரை
கல்லாப் பக்கம் சாய்ந்து கணக்குப் பேசுவார்கள்.
புருவம் திருத்த ஐம்பது, நமக்கு முப்பது,
செவ்வாய், புதன் மட்டும்.
அஸ்தம்பட்டியில் ஸ்கூட்டி சர்வீஸ், கூலியில் பாதி,
ஆயிலுக்கு மட்டும் முழுசாகப் பிடுங்கிவிடுவான்.
தட்டுவடை செட்டுக்குத் தள்ளுபடி கிடையாது,
ஆனாலும் அட்டையைக் கழுத்தில் போட்டுப் போ,
அந்த அக்கா பீட்ரூட்டை அள்ளி வைக்கும்.
மாசம் நானூறு மிச்சம்டி, என்றாள் ரெஜினா.
அதில் ஏற்காடு போய் வந்தார்கள்.
படகில் எடுத்த படத்தை
என்னிடம்தான் பிரிண்ட் போட வந்தார்கள்.
மாணவர் விலையில்.

டவுன் பஸ்ஸில் எனக்கும் காசில்லை.
அட்டை காட்டாமல் எனக்குக் கிடைக்கும்
ஒரே சலுகை அது.

என் அட்டை பர்ஸில் இருக்கிறது.
பி.ஏ. பொருளியல்.
மூன்றாம் வருடக் கட்டணத்தை
அப்பாவின் காலுக்குள் வைத்தோம்,
எட்டு திருகாணி, ஒரு தகடு.
இரண்டாம் வருடத்திலேயே நடத்திவிட்டார்கள்,
பேதங்காட்டும் முற்றுரிமை:
ஒரே பொருளை
ஆளுக்கொரு விலையில் விற்பது.
ஐந்து மதிப்பெண் வினா, நாலரை வாங்கினேன்.
போன அரை எதற்கென்று
இப்போது கேட்டால் எழுதுவேன்.

முடியும் வருடத்தின் கடைசி மூன்றை ஐந்தாக்க
அரை நிமிடம் போதும்.
ஸ்கேனர் என்னுடையது, மெஷின் எப்போதும் சூடு.
ஒருநாள் திரையில் மாற்றியும் பார்த்தேன்.
பிரிண்ட் கொடுக்கவில்லை.
நல்லவள் என்றெல்லாம் இல்லை,
அந்தப் படத்தில் இருந்தவளுக்குப் பதினெட்டு வயது,
அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு எழுத்துகள் மங்க ஆரம்பித்தன.
யாரோ ஒருவரின் பிறப்புச் சான்றிதழில்
எட்டை மூன்றென்று அடித்துவிட்டேன்.
செரி ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
ஃப்ரேமோடு ஆயிரத்து இருநூறு,
மாணவர்களுக்குக் கால்வாசி குறைவு.
முந்நூறு ரூபாய்.
அப்பாவுக்கு ஒரு நாள் பிசியோதெரபி.
அட்டையை நீட்டினேன்,
வருடத்தின்மேல் கட்டைவிரலை வைத்து.

கவுண்டரில் இருந்தவனுக்கும் என் வயதுதான்.
அவன் கழுத்திலும் அட்டை: நிவேதன், விற்பனை.
விரலைப் பார்த்தான்.
எடுங்க என்று சொல்லவில்லை,
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
கால்குலேட்டர்மேல் கையை வைத்துக்கொண்டு
சும்மா இருந்தான்,
பேருந்து வரும்வரை நிற்கும் ஆள் மாதிரி.
விரல் தானாக நகர்ந்தது.
ஆயிரத்து இருநூறு என்று அடித்தான்.
துடைக்கிற துணி ஒன்றுக்கு இரண்டாகப்
பைக்குள் போட்டான்.

சனிக்கிழமை கண்ணாடி வந்தது.
கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.
சேர்வராயன் மலையில், பாதி உயரத்தில்,
ஏதோ ஒரு வண்டி திரும்புகையில் மின்னியது.
எதிர்க்கடைப் பலகையில் எழுத்துப்பிழை தெரிந்தது.
பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்தேன்.
பின்பக்கம், அடியில்,
எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி,
இத்தனை வருடத்தில் நான் படித்ததே இல்லை:
கண்டெடுப்பவர்
கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.